மூன்று கதவுகளில் சிவப்பு வட்டம்

அடுத்த மாதம் நீங்கள் கிளம்பப் போகிறீர்கள் என்றார்கள். சண்டை ஓய்ந்தும் ஓயாமலும் கிடக்கிற நாடுகள். அங்கே புருஷனை இழந்த, வீட்டை இழந்த பெண்களுக்குச் சின்னத் தொழில் தொடங்கக் கடன் கொடுக்கப் போகிறீர்கள். நல்ல வேலை. போவதற்கு முன்னால் ஓய்வு பெற்ற யாராவது நாலு வார்த்தை சொல்லட்டும் என்று என்னைப் பிடித்திருக்கிறார்கள். உற்சாகமூட்டுகிற மாதிரி எழுதிக் கொடுங்கள் என்றார் உங்கள் பயிற்சிப் பொறுப்பாளர். எனக்கு அதெல்லாம் வராது. நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அதை நினைத்தால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுத ஆரம்பித்த பிறகு நாலு தடவை எழுந்து பால்கனிக்குப் போய்வந்துவிட்டேன்.

மனுவைப் பூர்த்தி செய்வது, தவணை போடுவது எல்லாம் உங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லும். நான் சொல்லப் போவதை அது சொல்லாது.

எண்பதுகளில் நான் பம்பாயில், ஒரு வங்கியின் தாராவிக் கிளையில் கள அதிகாரி. பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். கிளையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மின்விசிறி, எனக்குக் குடை, அவ்வளவுதான் வித்தியாசம். பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவில். எங்கள் வீட்டிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் இருபத்தாறு வயது வரை நான் அங்கே ஒரு தடவைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. எங்கள் கட்டடத்தில் யாருமே வைத்ததில்லை. வேலைக்குப் போன முதல் நாள்தான் அங்கே பேசுகிற திருநெல்வேலித் தமிழைக் கேட்டேன். பாதி புரியவில்லை. என் தமிழைக் கேட்டு அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாய் தவறி 'வந்துட்டேளா' என்று சொல்லிவிட்டால் போதும், தண்ணீர்க் குழாயடியில் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவார்கள்.

நிலமோ நகையோ இல்லாத பெண்களுக்குத் தொழில் கடன் கொடுப்பது என் வேலை. அடமானம் கிடையாது. அதற்குப் பதிலாக ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஒருத்தி கடன் வாங்கினால் மற்ற நாலு பேரும் அவளுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். யார் யாரை நம்புகிறார்கள் என்பதை வைத்துத்தான் மொத்தத் திட்டமும் ஓடியது.

ஒரு சந்தில் பேச்சியம்மாள் என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். சங்கரன்கோவில் பக்கம். இட்லி வியாபாரம். விடியும்போது இட்லிப் பானை தலைச்சுமையாக வெளியே போகும், பத்து மணிக்குக் காலியாகத் திரும்பும். கணவர் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். அடுத்த கதவு சுபைதாவுடையது. மேலப்பாளையத்துப் பெண், என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்த கணவன் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகள். ஊரிலிருந்து கணவனின் அண்ணன் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். வந்து சேர், வீட்டில் ஒரு மூலையில் இருந்துகொள், நீயும் பிள்ளைகளும் பீடி சுற்றலாம் என்று. சுபைதாவுக்குப் போக இஷ்டமில்லை. போனால் அந்த வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரி ஆகிவிடுவாள், பெண்களின் படிப்பு அன்றோடு சரி. அவளுக்கு வேண்டியது ஒரு கனமான தையல் மிஷின். பள்ளிக்கூடப் பைகள் தைத்து விற்கத் தெரியும் என்றாள்.

இருவரும் ஒரே குழு. குழுவில் மற்ற மூன்று பெண்களும் தயங்கினார்கள். தனியாள், ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேறிவிட்டால் யார் பொறுப்பு? கிளையில் என் மேஜைக்கு முன்னால் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பேச்சியம்மாள்தான் போட்டார் ஒரு அதட்டல்.

"எட்டி, என்னத்துக்கு முழிக்கிய? அவ வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒத்தத் தகரம். அவ இருமுனா எனக்குத் தூக்கம் போவுது. அவளயே தெரியலன்னா வேற யாரத் தெரியும் நமக்கு? போடுங்கட்டி."

போட்டார்கள். மிஷின் வந்தது. ஒரு வருஷத்தில் சுபைதா தவணை தவறவே இல்லை. மூத்தவளை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தாள். இரண்டாம் வருஷக் கோடையில் ஒரு கடைக்காரரிடமிருந்து பெரிய ஆர்டர் பிடித்தாள். ஜூனில் பள்ளி திறக்கும்முன் பைகள் போய்ச் சேர வேண்டும். "மேடம், இது மட்டும் நல்லபடியா முடிஞ்சுட்டுன்னா, ஊருக்கு நானே காயிதம் போடுவேன், இனிமே எழுதாதீங்கன்னு" என்றாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன். தாராவியில் வீடு கண்டுபிடிப்பது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்குத் தெரியாது. ஒரே சந்தில் மூன்று பன்னிரண்டாம் நம்பர் இருக்கும். ஒவ்வொரு சர்வேக்காரனும் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போயிருப்பான். அதனால் கள அதிகாரிகள் எல்லோருமே கடன் வாங்கியவர்களின் கதவு ஓரத்தில் கடன் எண்ணை எழுதி வைப்போம். நான் நீலக் கிரேயானில் எழுதுவேன். மழைக்கும் அழியாது. சந்தில் எல்லோருக்கும் தெரியும், நீல நம்பர் என்றால் பேங்க் நம்பர்.

அந்தக் கோடையில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சிறுபான்மைச் சமூகத்தில் எத்தனை பெண்களுக்குக் கடன் போயிருக்கிறது என்று மாதாமாதம் தனியாக அனுப்ப வேண்டும். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, இன்னும் நிறையப் பேருக்குக் கொடுங்கள் என்பதற்காகத்தான் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் லெட்ஜரைப் புரட்ட எனக்குச் சோம்பல். நடக்கிறபோதே எண்ணிக்கொண்டு போய்விடலாமே என்று ஒரு யோசனை வந்தது. அண்ணன் மகளின் டப்பாவிலிருந்து ஒரு சிவப்புக் கிரேயான் எடுத்துக்கொண்டு போனேன். மதியம் ஒரு மணி. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், பெண்கள் குழாயடியில் இருந்தார்கள், சந்து காலி. நீல நம்பருக்குப் பக்கத்தில், முஸ்லிம் வீடுகளில் மட்டும், ஒரு சின்னச் சிவப்பு வட்டம் போட்டேன். அந்தச் சந்தில் மூன்று வீடு. போட்டுவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மடச்சி!

பத்து நாள்கூட ஆகியிருக்காது. நகரத்தைச் சுற்றி அங்கங்கே கலவரம் வெடித்தது. வீடுகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். தாராவியில் எங்கள் பக்கம் ஒரு கல்கூட விழவில்லை. ஆனால் வதந்தி விழுந்துகொண்டே இருந்தது. பாலில் விஷம் கலந்திருக்கிறது என்றார்கள். லாரியில் ஆள் வருகிறது என்றார்கள். கடைகள் மூடின. போலீஸ் வண்டி நின்றது. ஊரடங்கு போடாமலே ஊர் அடங்கிவிட்டது. எங்கள் கிளையும் மூன்று நாள் திறக்கவில்லை.

மூன்று நாளும் மாட்டுங்கா வீட்டில் கூண்டில் அடைபட்ட மாதிரி இருந்தேன். ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன். "ஏண்டி இப்படிக் கிடந்து அலையறே? ஒரு இடத்துல உக்காரேன்" என்று அம்மா சத்தம் போட்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது இருந்த கவலையெல்லாம் தவணை வசூல் நின்றுபோகுமே, சுபைதாவின் பைகள் தாமதமாகுமே என்பதுதான். சிவப்பு வட்டம் என் ஞாபகத்திலேயே இல்லை.

நாலாவது நாள் காலை ஒன்பது மணிக்குச் சந்துக்குள் நுழைந்தேன். குழாயடியில் கூட்டம் இருந்தது, பேச்சு இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதே இல்லை. குழுவைச் சேர்ந்த ஒரு பெண் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"மேடம், இங்க பெரிய லஃப்டா, வம்பு ஆயிப்போச்சு. துலுக்கமாரு வீட்டுக் கதவுல மட்டும் எவனோ செவப்புல வட்டம் போட்டுருக்கான். எரிக்கதுக்கு அடையாளமாம். ரெண்டு வீட்டுக்காரங்க குர்லாவுக்கு ஓடிட்டாங்க. சுபைதா மட்டும்தான் இருக்கா."

"யார் போட்டதாம்?" என்று கேட்டேன். பதில் எனக்கே தெரிந்திருந்தும் கேட்டேன்.

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "பேச்சியக்கா வீட்டுக்காரருதான்னு பேசிக்கிடுதாங்க. அவருட்டதான செவப்புப் பெயிண்டு இருக்கு. நேத்து இதே குழாயடியில வச்சு சுபைதா கேட்டேபுட்டா. 'ஒத்தத் தகரம்னு சொல்லிட்டு, அந்தத் தகரத்துலயே தீ வைக்கப் பாத்தியளே'ன்னு. பேச்சியக்கா அப்படியே கொடத்தப் போட்டுட்டு உள்ள போனவதான். இன்னிக்கு இட்லிகூட ஊத்தல."

பெயிண்டா மெழுகா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பயந்தவர்கள் யார் சுரண்டிப் பார்ப்பார்கள்?

அந்த நிமிஷத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். "ஆபீஸ்ல ஒரு வேலை இருக்கு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் வட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போனேன். வட்டம் போட்டது முட்டாள்தனம், அதை நான் மன்னித்துக்கொண்டுவிட்டேன். இந்த ஓட்டத்தை இன்று வரை மன்னிக்க முடியவில்லை.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். ஏழைப் பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும், வீட்டு வாசலில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றெல்லாம் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"யாருக்காவது தெரியுமா, நீதான் போட்டேன்னு?"

"தெரியாது சார்."

"அப்ப வாயைத் திறக்காதே. போய் யாரும் பார்க்காம துடைச்சுட்டு வந்துடு. பேங்க்தான் முஸ்லிம் வீடுகளுக்கு அடையாளம் போட்டதுன்னு ஒரு பேச்சு வெளியில போனா என்ன ஆகும்னு யோசிச்சியா? கிளையையே கொளுத்திடுவான். உள்ளே பதினோரு பேர் உக்காந்திருக்கா. உனக்கும் ஆபத்து. ரெண்டு வாரத்துல எல்லாம் அடங்கிடும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் மேலாளர்களும் அப்படித்தான் சொல்வார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கும். ஒரு துணியை நனைத்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பப் போனேன்.

சுபைதாவின் கதவில் பூட்டுத் தொங்கியது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டாள். மிஷினை அறுபதடி ரோட்டில் பழைய சாமான் வாங்குகிற சேட் ஒருவர் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் என்றார்கள். பாதி விலைக்கும் கீழே. தைத்து முடிக்காத பைகள் உள்ளேயே கிடந்தன. மத்தியானம் தாதரிலிருந்து மெட்ராஸ் போகும் வண்டியில் குழந்தைகளோடு ஏறப் போகிறாளாம்.

ஈரத்துணியால் வட்டத்தைத் துடைத்தேன். போகவில்லை. மெழுகு எப்படிப் போகும்? தேய்க்கத் தேய்க்கப் பளபளவென்று ஆனதுதான் மிச்சம். பக்கத்துக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே பேச்சியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கணவர் பாயில் படுத்திருந்தார். அந்த மனிதர் மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. போனால் ஓடிவிட்டான் என்பார்கள், போகாவிட்டால் ஒளிந்திருக்கிறான் என்பார்கள். பேச்சியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

துணியை அங்கேயே போட்டுவிட்டு சயான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். லோக்கல் பாதி காலியாக வந்தது. தாதர் வருவதற்குள் பத்துத் தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாக்கியம்கூடத் தயாராக இல்லை. பிளாட்பாரம் முழுக்க ஊருக்கு ஓடுகிற ஜனம். டிரங்குப் பெட்டிகள், மூட்டைகள், அழுகிற குழந்தைகள். முன்பதிவில்லாத பெட்டிக்குப் பக்கத்தில் சுபைதா நின்றிருந்தாள். சின்னவள் இடுப்பில், பெரியவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

"மேடம்? நீங்க எதுக்கு வந்திய? கடன நான் ஏமாத்த மாட்டேன். ஊர்ல இருந்து அனுப்புவேன், அல்லா மேல சத்தியமா."

கடனுக்காக அவளைப் பிடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தயக்கம் போய்விட்டது.

"சுபைதா, அந்த வட்டம் நான் போட்டது."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். சுற்றறிக்கை, லெட்ஜர், கிரேயான் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. திட்டுவாள், ஒரு அறை விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்பாடா என்று பெருமூச்சு விடுவாள் என்றுகூட ஒரு மூலையில் நினைத்தேன். அவள் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ பேச்சியக்கா வீட்டுக்காரர் இல்லயா?"

"இல்லை."

"யா அல்லா! அந்த அக்காவ நான் என்ன பேச்சுப் பேசிட்டேன் தெரியுமா மேடம்? எல்லாரும் பாத்துட்டு நிக்கயில பேசிட்டேனே. இனி எந்த மூஞ்ச வச்சிட்டு அங்க போவேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெரியவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் ஒரு பயத்தை எடுக்கப் போய், அந்த இடத்தில் ஒரு வெட்கத்தை வைத்துவிட்டேன். பயத்தைவிட அது அவளை வேகமாக ஊருக்குத் தள்ளியது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறப் போனாள். நான் குறுக்கே நின்றேன்.

"நீங்க வாங்க. நான் சொல்றேன். குழாயடியில நின்னு எல்லார்கிட்டயும் நான் சொல்றேன்."

நின்று என் முகத்தைப் பார்த்தாள். "எல்லார் முன்னாடியும் சொல்லுவியளா? அவனுவ உங்கள சும்மா விடுவானுவளா?"

மேலாளரின் முகம் வந்தது. கிளையில் உட்கார்ந்திருக்கிற பதினோரு பேர் வந்தார்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். யோசிக்க அரை நிமிஷம் கிடைக்கும். கேட்டுச் சொல்ல ஆள் இருக்காது. நான் அன்றைக்குச் சரியாக முடிவெடுத்தேனா என்று இப்போதும் நிச்சயமாகத் தெரியாது. கிளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால் என் எதிரில் நின்றது அவள். சொல்லுவேன் என்றேன். வண்டி போய்விட்டது.

திரும்பி வந்தபோது மணி மூன்று. சாயங்காலத் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை போட்டிருந்தன. சுபைதாவைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். குழாய் மேடையில் ஏறினேன்.

"அந்தச் சிவப்பு வட்டம் போட்டது நான். ஆபீஸ் கணக்குக்காக மூணு கதவுலயும் நான்தான் போட்டேன். பேச்சியம்மா வீட்டுக்காரர் இல்லை. வேற யாரும் இல்லை."

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். "பேங்குல கடன் வாங்கினது இருவது வீடு இருக்கு. அந்த மூணு மட்டும் எதுக்கு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க முஸ்லிம்கிறதால."

லெட்ஜரில் எழுதும்போது அதில் ஒரு எழுத்துகூட உறுத்தவில்லை. அந்தச் சந்தில், அந்த நாளில், என் வாயால் சத்தமாகச் சொன்னபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே கேட்டது. யாரோ காறித் துப்பினார்கள். ஒரு பையன் என் பையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். இன்னொருவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான், ஒரு வயதான அம்மாள் அவனைப் பிடித்துத் தள்ளினாள். "பாவி மக்கா, எங்க உசுரோட விளையாடிட்டியே" என்று அவளே என்னைப் பார்த்து அழுதாள். நான் இறங்கவில்லை. இறங்க வழியும் இல்லை.

அப்போது பேச்சியம்மாளின் கணவர் வெளியே வந்தார். கையில் மண்ணெண்ணெய் நனைத்த துணி. மூன்று கதவுகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவருக்கு அது தொழில், ஒரே இழுப்பில் போய்விட்டது. பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

"எழுதுதது என் தொழிலும்மா. போர்டு எழுதுததுக்கு முன்னாடி தெருவுல எறங்கி நின்னு பாப்பேன், எவன் எவன் இத வாசிப்பான்னு. நீங்க பாக்கலயேம்மா."

இதைவிட நல்ல பாடத்தை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. உங்கள் படிவங்களில் இனம், மொழி, எந்த ஊரிலிருந்து ஓடி வந்தவர்கள் என்று எத்தனையோ கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் நல்லதுக்காகத்தான் கேட்கப்படும். அந்தக் கட்டத்தை இன்னொருவன் வாசித்தால் அவன் என்ன செய்வான் என்று முதலில் கேளுங்கள். சண்டை நடக்கிற ஊரில் அந்த இன்னொருவன் எப்போதும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான்.

கிளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன். குர்லாவுக்குப் போனவர்கள் ஒரு வாரத்தில் திரும்பினார்கள். சுபைதாவின் பிரச்சினை மட்டும் அப்படியே நின்றது. சேட் மிஷினைத் திருப்பிக் கொடுக்கத் தயார், ஆனால் அவர் வாங்கின விலைக்கு இல்லை. அவள் கையில் அவ்வளவு இல்லை. பள்ளி திறக்கப் பத்து நாள். ஆர்டர் கைவிட்டுப் போனால் அவள் மறுபடி தாதருக்குப் போக வேண்டியதுதான். என் சம்பளத்திலிருந்து தருகிறேன் என்றேன். "பாவத்துக்குத் தரியளா மேடம்? வேண்டாம்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். மேலாளரிடம் போய் அவசரக் கூடுதல் கடன் கேட்டேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "குழுவுல நாலு பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டா நானும் போடறேன். ஒண்ணு குறைஞ்சாலும் முடியாது."

மூன்று பேர் அன்றே போட்டுவிட்டார்கள். நாலாவது பேச்சியம்மாள். குழாயடியில் நான் சொன்ன அன்று கதவைச் சாத்தினவர்தான். சுபைதா மூன்று தடவை வாசலில் போய் நின்றும் திறக்கவில்லை. நான் போனேன், எனக்கும் திறக்கவில்லை. உள்ளே ஆட்டுக்கல் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

அந்தக் கடன் கிடைத்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பைகள் போய்ச் சேர்ந்தன. இரண்டு வருஷத்தில் சுபைதா இன்னும் இரண்டு மிஷின் போட்டு நாலு பெண்களை வேலைக்கு வைத்தாள். பெண்கள் இருவரும் படித்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்து படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். அந்த மாதிரிக் கதைகள் உங்களுக்கு நிறையக் கிடைக்கும், அவை பொய்யும் இல்லை. என் தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று.

நாலு நாள் கழித்து, கவுன்டர் மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது பேச்சியம்மாள் கிளைக்குள் வந்தார். தலையில் சும்மாடு, கையில் காலிப் பானை. சுபைதா காலையிலிருந்து என் மேஜைக்குப் பக்கத்துத் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். பேச்சியம்மாள் அவளைப் பார்க்கவில்லை. பானையைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"எங்க போடணும்?"

காட்டினேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பெயரை எழுதினார். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

"யக்கா" என்றாள் சுபைதா. அழுதுகொண்டே பக்கத்தில் வந்து கையைப் பிடிக்கப் போனாள். பேச்சியம்மாள் கையை இழுத்துக்கொண்டு பானையைத் தூக்கினார்.

எனக்குத் தாங்கவில்லை. எல்லாம் என்னால்தானே. எழுந்து வழியை மறித்துக்கொண்டேன். "பேச்சியம்மா, கையெழுத்தே போட்டுட்டீங்க. அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்களேன்."

நின்றார். கோபமே இல்லாத முகம். மேஜைமேல் இருந்த தாளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"பேசணும்னு உங்க ஃபாரத்துல எங்கயாச்சும் எழுதியிருக்காம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன். வழி விட்டேன்.